லெப்டின் மாத்திரை சாப்பிட்டால் பசி அடங்குமா?

#1 வாலாஜாரோடு

எங்கள் அக்கா ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கியிருக்கிறார். மேலே பெரிய எழுத்தில் "லெப்டின்" என்று போட்டிருக்கிறது. தினம் இரண்டு, சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால். விளம்பரத்தில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர், "பசியை அடக்கும் ஹார்மோன் உங்கள் உடம்பில் குறைந்துவிட்டது, அதனால்தான் இளைக்க முடியவில்லை" என்கிறார். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படித்தேன். ஆப்பிரிக்க மாங்கொட்டைச் சாறு, பச்சைத் தேயிலைச் சாறு, குரோமியம். லெப்டின் அந்தப் பட்டியலிலேயே இல்லை! இது என்ன கணக்கு? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அக்காவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்வேன். ஏற்கெனவே எடை விஷயத்தில் வீட்டில் ஆளாளுக்குப் பேசி அவர் மனசு நொந்திருக்கிறது.

#2 மருந்துக்கடைக்காரன்

பட்டியலில் இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை சார். லெப்டின் ஒரு புரதம். வாய் வழியாகப் போனால் பருப்பு, முட்டையோடு சேர்ந்து அதுவும் செரித்துவிடும். இன்சுலினை மாத்திரையாகக் கொடுக்காமல் ஊசியாகப் போடுவது இதனால்தான்.

நிஜமான லெப்டின் மருந்து ஒன்று உண்டு, மெட்ரெலெப்டின் என்று பெயர். அமெரிக்காவில் 2014இல் அனுமதி கிடைத்தது. ஆனால் அது உடம்பில் கொழுப்புத் திசு சரியாக உருவாகாத லிப்போடிஸ்ட்ரோஃபி என்ற அரிய நோய்க்கு. எடை குறைக்க அல்ல.

இன்னொன்று, பச்சைத் தேயிலையைக் குடிப்பது வேறு, அதைச் செறிவாக்கி மாத்திரையில் அடைத்துச் சாப்பிடுவது வேறு. இரண்டாவது வகை சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. அக்கா வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறார் என்றால் டப்பாவை மூடி வைக்கச் சொல்லுங்கள்.

#3 எலிக்கூடு

விளம்பரம் சொல்வது அப்படியே தலைகீழ். உடல் பருமன் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு லெப்டின் குறைவு இல்லை, கூடுதல். இதைக் கண்டுபிடித்த கதை சுவாரசியமானது. நான் ஆய்வகத்தில் இந்த எலிகளோடுதான் நாள் முழுக்கக் குடித்தனம் நடத்துகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

1949இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில், ஒரு சுண்டெலிக் குடும்பத்தில் சில குட்டிகள் உருண்டு திரண்டு வளர ஆரம்பித்தன. ஓபி எலி என்று பெயர் வைத்தார்கள். சாதாரண எலியைப்போல மூன்று மடங்கு எடை வரும். கூண்டில் தீனிப் பக்கமே கிடக்கும், துரத்தினால்கூட அவசரப்படாது. கையில் எடுத்தால் மற்ற எலிகளின் சூடு இருக்காது, ஏனென்றால் உடல் வெப்பத்தில்கூட அது சிக்கனம் பிடிக்கிறது. இனப்பெருக்கமும் செய்யாது. வெப்பத்தைக் குறைப்பது, குட்டி வேண்டாம் என்று ஒதுக்குவது, கண்டதைத் தின்பது, இதெல்லாம் பஞ்சத்தில் அடிபட்ட விலங்கு செய்யும் வேலை. உடம்பு முழுக்கக் கொழுப்பை வைத்துக்கொண்டு இந்த எலி பஞ்சத்தில் வாழ்கிறது.

அதே ஆய்வகத்தில் டிபி என்று இன்னொரு பருத்த ரகமும் இருந்தது. டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி இரண்டு எலிகளின் விலாவைச் சேர்த்துத் தைத்து, ஒன்றின் ரத்தம் மற்றொன்றுக்குப் போகும்படி செய்து பார்த்தார். (கேட்கவே ஒரு மாதிரி இருக்கிறது, தெரியும்.) டிபியோடு சேர்த்த சாதாரண எலி, தீனி முன்னால் இருந்தும் தின்னாமல் பட்டினியில் செத்தது. சாதாரண எலியோடு சேர்த்த ஓபி, குறைவாகத் தின்று இளைத்தது. ஓபியையும் டிபியையும் சேர்த்தபோது ஓபி பட்டினியில் செத்தது, டிபி பாட்டுக்குக் கொழுத்துக்கொண்டே போனது. கோல்மன் இதிலிருந்து போட்ட கணக்கு: ரத்தத்தில் ஓடும் ஏதோ ஒன்று மூளைக்குப் "போதும்" என்று சொல்கிறது. ஓபிக்கு அதைத் தயாரிக்கத் தெரியவில்லை. டிபி ஏராளமாகத் தயாரிக்கிறது, ஆனால் அதன் மூளை அதைக் கேட்பதில்லை.

அந்த "ஏதோ ஒன்று" என்னவென்று தெரிய 1994 வரை ஆனது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு மரபணுவைப் பிடித்தது. லெப்டினை உற்பத்தி செய்வது கொழுப்பு உயிரணுக்களே என்பதுதான் எல்லோரையும் அசத்தியது. அதுவரை கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் சேமிப்பு என்றே பாடப்புத்தகங்கள் நினைத்திருந்தன.

மனிதர்களிலும் இப்படி உண்டா என்ற கேள்விக்கு 1997இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் விடை வந்தது. பாகிஸ்தானை பூர்விகமாகக் கொண்ட ஒரு குடும்பத்தில் ஒன்றுவிட்ட சகோதர முறையான இரண்டு குழந்தைகள். ரத்தத்தில் லெப்டின் கிட்டத்தட்டக் கிடையாது. பெரிய குழந்தைக்கு எட்டு வயது, 86 கிலோ. சின்னதுக்கு இரண்டு வயது, 29 கிலோ. ஒன்பது வயதில் 94.4 கிலோ இருந்த அந்தச் சிறுமிக்குத் தினமும் லெப்டின் ஊசி போட்டார்கள். ஓராண்டில் 16.4 கிலோ குறைந்தது, அதில் ஏறக்குறைய எல்லாமே கொழுப்பு. உணவுக் கட்டுப்பாடு எதுவும் விதிக்கவில்லை. பசி அடங்கியது, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முன்பே, 1995இல் ஆம்ஜென் நிறுவனம் 2 கோடி டாலர் கொடுத்து லெப்டின் உரிமையை வாங்கிவிட்டது. உலகத்துக்கே விற்கலாம் என்று கணக்கு. சாதாரணமாகப் பருத்தவர்களுக்கு ஊசி போட்டுப் பார்த்த சோதனை முடிவு 1999இல் வந்தது. பலன் சொற்பம், அதுவும் ஆளுக்கு ஆள் மாறியது. கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடுகிறது, ஏற்கெனவே கேட்காத காதில் இன்னும் சத்தமாகக் கத்தி என்ன ஆகப்போகிறது. அந்த விளம்பரம் பிழைப்பு நடத்துவது இந்த இடைவெளியில்தான்.

#4 அரைத்தட்டு

எலிக்கூடு தம்பி அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு கிழவனின் சந்தேகம். அந்தச் சிறுமி கோடியில் ஒருத்தி. மற்றவர்கள்? நான் வேலையில் இருந்த காலம் முழுக்க சைக்கிள், மதியம் வீட்டுச் சாப்பாடு, ராத்திரி இரண்டு இட்லி. ஹார்மோன் பெயர் ஒன்றும் தெரியாது. வாயைக் கட்டினால் வயிறு தானாகக் குறையும். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு ஹார்மோனைக் காட்டிவிட்டு பிரியாணிக்கு ஆர்டர் போடுகிறார்கள். கோபம் வேண்டாம், கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறேன்.

#5 மறுபடியும்முதலிலிருந்து

> வாயைக் கட்டினால் வயிறு தானாகக் குறையும்

குறையும் ஐயா, நானே சாட்சி. குறைத்த பிறகு என்ன நடக்கிறது என்பதை யாரும் சொல்வதில்லை. எனக்கு இளைத்த பிறகு அலுவலகத்தில் மூன்று மேசை தள்ளி யாராவது முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தால் காதில் விழ ஆரம்பித்தது. வேலையில் கவனம் நிற்காது. சாப்பிட்டு எழுந்த கையோடு அடுத்த வேளை என்ன என்று மனசு ஓடும். குண்டாக இருந்தபோது இந்த அவஸ்தை கிடையாது. ஒழுக்கம் இல்லாதவன் என்றால், இளைக்கும்வரை அந்த ஒழுக்கம் எங்கிருந்து வந்தது?

#6 எலிக்கூடு

@மறுபடியும்முதலிலிருந்து, நீங்கள் சொல்வதை அப்படியே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு, 2011இல் வெளியானது. அதிக எடை உள்ள 50 பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு. முடித்தவர்கள் சராசரியாக 13.5 கிலோ இளைத்தார்கள். லெப்டின் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விழுந்துவிட்டது. குறைந்த கொழுப்பை விட விழுந்த லெப்டின் அதிகம், இதைக் கவனியுங்கள். குடலிலிருந்து "நிறைந்துவிட்டது" என்று சொல்லும் பி.ஒய்.ஒய்., கோலிசிஸ்டோகைனின் இரண்டும் குறைந்தன. இரைப்பையின் மேல்பகுதியில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலின் கூடியது. (ஜப்பானில் 1999இல் கண்டுபிடித்தது அது.) ஓராண்டு கழித்து மறுபடி அளந்தார்கள். அதற்குள் எடை கொஞ்சம் திரும்பியிருந்தது, ஆனால் லெப்டின் இன்னும் பழைய அளவுக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு கீழேதான். பசியும் அடங்கவில்லை.

லெப்டினை "சாப்பிட்டது போதும்" என்று சொல்லும் ஹார்மோன் என்று நினைப்பதால்தான் குழப்பம். அதன் முதல் வேலை, கையிருப்பு கரைகிறது என்று மூளைக்குத் தகவல் கொடுப்பது. ஏறும்போது அதன் பேச்சு பெரிதாக எடுபடுவதில்லை. இறங்கும்போது மூளையில் பசியைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி உடனே கேட்டுக்கொள்கிறது. அங்கே பசியைத் தூண்டும் நரம்பணுக் கூட்டம் ஒன்று, அடக்கும் கூட்டம் ஒன்று. லெப்டின் சரிந்ததும் முதல் கூட்டம் கிளம்பிவிடும், தைராய்டு வேகம் குறையும், பெண்களுக்கு மாதவிலக்குகூட நிற்கலாம். உணவு போதாமல் கடும் பயிற்சி செய்யும் ஓட்ட வீராங்கனைகளுக்கு நடப்பது இதுதான். ஓபி எலிக்குப் பிறவியிலேயே நடப்பதும் இதுதான்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் லைபல், ரோசன்பாம் இருவரும் செய்த வேலை இதில் முக்கியம். எடையில் 10 சதவீதம் இளைத்தவர்களுக்கு, இளைப்பதற்கு முன்பு இருந்த அளவுக்கு மட்டும் லெப்டினை ஊசியில் திருப்பிக் கொடுத்தார்கள். மந்தமாகிப்போன கலோரிச் செலவு பெருமளவு பழைய நிலைக்கு வந்தது. குண்டாக இருக்கும்போது பலிக்காத அதே லெப்டின், இளைத்த பிறகு பலிக்கிறது!

#7 அரைத்தட்டு

சரி, ஒப்புக்கொள்கிறேன், இளைத்தவனுக்குக் கஷ்டம் அதிகம். ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. நாற்பது வருஷத்தில் மரபணு மாறியிருக்காது. ஹார்மோனும் அதே ஹார்மோன். பிறகு ஏன் இப்போது மட்டும் தெருவெல்லாம் தொப்பை?

#8 எலிக்கூடு

இந்த இழையிலேயே கூர்மையான கேள்வி இதுதான் ஐயா. மாறியது உணவும் வாழ்க்கையும்தான், அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அந்த மாற்றம் எல்லோரையும் ஒரே அளவில் அடிக்கவில்லை என்பதில்தான் உடம்பின் பங்கு வருகிறது.

கனடாவில் கிளோட் பூஷார் 1990இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று. ஒரே கருவில் உருவான இரட்டையர், 12 ஜோடி இளைஞர்கள். நூறு நாள் கூடவே தங்கவைத்து, அதில் 84 நாள் தேவைக்கு மேல் தினமும் 1,000 கலோரி கூடுதலாகக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் ஒரே கூடுதல். ஏறிய எடை? ஒருவருக்கு 4 கிலோ சொச்சம், இன்னொருவருக்கு 13 கிலோவுக்கு மேல். ஆனால் அண்ணனுக்கு எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே தம்பிக்கும். நீங்கள் அந்த 4 கிலோ குடும்பத்தில் பிறந்திருக்கலாம்.

உணவுப் பக்கம், கெவின் ஹால் 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் செய்தது. 20 பேரை நான்கு வாரம் உள்ளேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் பாக்கெட் வகை உணவு, இரண்டு வாரம் சமைத்த சாதாரண உணவு. இரண்டிலும் தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து ஒன்றே. வேண்டிய அளவு சாப்பிடலாம். பாக்கெட் உணவு வாரங்களில் யாரும் சொல்லாமலே தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டு, சராசரியாக 0.9 கிலோ ஏறினார்கள். பசி கூடுதல் என்று அவர்கள் சொல்லவும் இல்லை. ஆக, உங்கள் இட்லிக்கும் பங்கு உண்டு.

#9 அரைத்தட்டு

இட்லிக்காக நன்றி. 😄

#10 பந்திக்குமுந்து

பாயசத்துக்கு எந்த ஹார்மோன்? கல்யாண வீட்டில் வயிறு முட்டச் சாப்பிட்டு இலையை மூடலாம் என்று இருக்கும்போது பாயசம் வந்தால் எப்படியோ இடம் கிடைக்கிறதே.

#11 எலிக்கூடு

அது வேறு கச்சேரி. தேவைக்குச் சாப்பிட வைக்கும் ஹைப்போதலாமஸ் ஒரு பக்கம், ருசிக்குச் சாப்பிட வைக்கும், டோபமின் என்ற வேதிப்பொருளால் இயங்கும் மூளைப் பாதை இன்னொரு பக்கம். இரண்டும் பேசிக்கொள்ளும், ஆனால் பாயசத்தின் முன்னால் முதலாவது பெரும்பாலும் தோற்றுவிடும். சலித்துப்போன சுவையிலிருந்து புதுச் சுவைக்கு மாறும்போது சாப்பிடும் ஆசை மறுபடி கிளம்புவதும் சேர்ந்துகொள்கிறது. சாம்பார் போதும் என்று சொன்ன அதே நாக்கு பாயசத்துக்கு இன்னும் போதும் சொல்லவில்லை.

#12 ராத்திரிஷிஃப்ட்

நான் கால் சென்டரில் இரவு வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு வரும் பசி மாதிரி பகலில் வருவதில்லை. தூக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

#13 மருந்துக்கடைக்காரன்

உண்டு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004இல் 12 இளைஞர்களை இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள். பத்து மணி நேரம் படுக்கையில் இருந்த இரவுகளோடு ஒப்பிட்டால் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது, கிரெலின் 28 சதவீதம் கூடியது. சின்ன ஆய்வுதான், பின்னால் வந்தவற்றில் ஹார்மோன் அளவுகள் எல்லாம் இதே மாதிரி அமையவில்லை. ஆனால் தூக்கம் கெட்டவர்கள் கூடுதலாகச் சாப்பிடுகிறார்கள் என்பது திரும்பத் திரும்ப வருகிறது.

கிரெலினுக்கு இன்னொரு குணம். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தை அது பழகிக்கொள்ளும். அந்த நேரத்தில் ஏறும், சாப்பிடாமல் விட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்கும். மூன்று மணிக்குத் தினமும் கேன்டீன் போனால் மூன்று மணிக்குக் கூப்பிடும்.

#14 ஈரோட்டுக்காரி

எனக்கு பி.சி.ஓ.எஸ். (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை), கூடவே தைராய்டு குறைவு. தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை அளவு டி.எஸ்.எச். இப்போது மாத்திரையில் சரியாக இருக்கிறது. ஆனாலும் எடை நகரவில்லை. "தைராய்டுதான் காரணம்" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். நிஜமாகவே அதுதானா?

#15 மருந்துக்கடைக்காரன்

தைராய்டு குறைவால் ஏறுவது பொதுவாகச் சில கிலோதான் அக்கா, அதிலும் பெரும்பகுதி உப்பும் நீரும். டி.எஸ்.எச். சரியான பிறகும் இருக்கும் எடைக்குத் தைராய்டின் மேல் பழி போட முடியாது. தைராய்டு மாத்திரையைக் கூட்டிக்கொண்டால் இளைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், இதயத் துடிப்பும் எலும்பும் கெடும்.

பி.சி.ஓ.எஸ். கதை வேறு. அதில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கும். கூடுதல் இன்சுலின் சினைப்பையை ஆண் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கும், கொழுப்பு கரைவதையும் தடுக்கும். எடை ஏறினால் இன்சுலின் எதிர்ப்பு இன்னும் கூடும். 5 முதல் 10 சதவீத எடை குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு ஒழுங்காகிறது. அதனால் "பழைய உடம்புக்குத் திரும்ப வேண்டும்" என்பதைவிட அந்த 5 சதவீதத்தைக் குறி வைப்பது நல்லது. இடுப்பு அளவையும் பாருங்கள். நம்மவர்களுக்கு பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 23 தாண்டினாலே அதிக எடை, 25 தாண்டினால் பருமன். பெண்களுக்கு இடுப்பு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90, இதுதான் எல்லை.

#16 மறுபடியும்முதலிலிருந்து

எல்லோரும் ஊசியைப் பற்றிப் பேசாமல் சுற்றிச் சுற்றி வருகிறோம். ஒசெம்பிக், வீகோவி, மௌஞ்சாரோ. போட்டால் என் முறுக்குச் சத்தம் நிற்குமா?

#17 மருந்துக்கடைக்காரன்

நிற்கிறது என்றுதான் வாங்குபவர்கள் பலர் சொல்கிறார்கள். கடையில் ஒரு அம்மா, "மத்தியானம் சாப்பிட மறந்துட்டேன் தம்பி, வாழ்க்கைல முதல் தடவை" என்றார்.

சாப்பிட்டதும் குடலில் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் சுரக்கும். இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதை மெதுவாக்கும், மூளைக்குப் போதும் என்று சொல்லும். நம் உடம்பில் சுரப்பது இரண்டே நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடும், மருந்தாக்க முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜான் எங் என்ற மருத்துவர், ஹீலா மான்ஸ்டர் என்ற பாலைவனப் பல்லியின் விஷத்தில் இதைப்போன்ற, ஆனால் எளிதில் சிதையாத ஒன்றைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து 2005இல் எக்செனடைட் என்ற சர்க்கரை நோய் மருந்து வந்தது. இன்றைய செமாக்ளுடைட் (ஒசெம்பிக், வீகோவி இரண்டிலும் இருப்பது) மனித ஹார்மோனை மாற்றியமைத்தது, பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். டிர்செபடைட் (மௌஞ்சாரோவில் இருப்பது) ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

பெரிய சோதனையில் செமாக்ளுடைட் 68 வாரத்தில் சராசரி 14.9 சதவீத எடையைக் குறைத்தது, மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4. டிர்செபடைட்டின் உச்ச அளவில் 72 வாரத்தில் 20.9. ஆனால் நிறுத்திய பிறகு என்ன? செமாக்ளுடைட்டை நிறுத்தியவர்களுக்கு ஓராண்டில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்தது. #6ஐ இன்னொரு தடவை படித்தால் ஏன் என்று தெரியும். ஊசி பசியை அடக்கிக்கொண்டிருந்ததே தவிர, லெப்டின் சரிந்ததைப் பார்த்த மூளை தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுவதை யாரும் நோயாளியின் ஒழுக்கக் குறைவு என்று சொல்வதில்லை.

"மகள் கல்யாணத்துக்குள் பத்து கிலோ குறைய வேண்டும், அப்புறம் நிறுத்திவிடுகிறேன்" என்று வருபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். தொடர்ந்து போட வேண்டியிருக்கும் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் இங்கே வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி ஒன்று 3,500 ரூபாய், வாரம் ஒன்று. இந்தியாவில் செமாக்ளுடைட்டின் காப்புரிமை 2026 மார்ச் வரைதான், அதற்குப் பிறகு உள்நாட்டு நிறுவனங்களுக்கும் வழி திறக்கிறது.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சகஜம். கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்று உள்ளவர்கள் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இளைக்கும்போது தசையும் சேர்ந்து போகும். பசி இல்லை என்று ரசம் சாதத்தோடு நிறுத்துகிறவர்களுக்கு இது அதிகம். முட்டை, மீன், பயறு, தயிர், கூடவே எடை தூக்கும் பயிற்சி, இவை இல்லாமல் ஊசி போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

#18 நெறியாளர்

ஊசியின் அளவு, சீட்டு இல்லாமல் எங்கே கிடைக்கும் போன்ற கேள்விகளை இங்கே போடாதீர்கள். வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

#19 வாலாஜாரோடு

கேட்டதற்கு மேல் கிடைத்துவிட்டது, எல்லோருக்கும் நன்றி. #6ஐ அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப நான் சோம்பேறி இல்லைன்னு எழுதியிருக்காங்களா?" என்று கேட்டார். இன்னொரு கேள்வியும் கேட்கச் சொன்னார். மச்சான் வீட்டில் மூன்று வயதுப் பையன், நல்ல புஷ்டி. பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். அந்த கேம்பிரிட்ஜ் குழந்தைகள் மாதிரி இருக்குமோ என்று இப்போது பயப்படுகிறார்.

#20 எலிக்கூடு

பயப்பட வேண்டாம், புஷ்டியான குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்த வகை மரபணுக் கோளாறு இருக்காது. ஆனால் கேட்டது சரியான கேள்வி. சொந்தத்தில் திருமணம் செய்தவர்களின் குழந்தைகளுக்கு இப்படி அம்மா, அப்பா இரு பக்கமிருந்தும் ஒரே மரபணுவின் பழுதான பிரதி வந்து சேரும் வாய்ப்பு கூடுதல். கேம்பிரிட்ஜ் குடும்பத்தில் நடந்ததும் அதுதான்.

பார்க்க வேண்டியது பசியை. பிறந்த சில மாதங்களிலேயே எடை வேகமாக ஏறத் தொடங்கியதா? சாப்பிட்டு முடித்த உடனே மறுபடி கேட்டு அழுகிறானா, தட்டை எடுத்தால் அடங்காத ஆவேசம் வருகிறதா, கீழே விழுந்ததை, குப்பையில் கிடப்பதைக்கூட எடுத்துத் தின்கிறானா? அடிக்கடி தொற்று வருகிறதா? இவை இருந்தால் குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் காட்டட்டும், ரத்தத்தில் லெப்டின் அளவும் மரபணுப் பரிசோதனையும் தேவையா என்று அவர் முடிவு செய்வார். ஒற்றை மரபணுவால் வரும் பருமனில் அதிகம் காணப்படுவது லெப்டின் குறைபாடு அல்ல, பசியை அடக்கும் தகவலை மூளையில் வாங்கிக்கொள்ளும் எம்.சி.4.ஆர். என்ற ஏற்பியில் உள்ள கோளாறு. இவற்றில் சில வகைகளுக்கு செட்மெலனோடைட் என்ற மருந்து 2020இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றிருக்கிறது.

பையன் வயிறு நிறைந்ததும் தட்டைத் தள்ளிவிட்டு விளையாட ஓடுகிறான் என்றால் அக்காவை நிம்மதியாக இருக்கச் சொல்லுங்கள். பிஸ்கட் பாக்கெட்டை மட்டும் அவன் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கட்டும்.